மனிதரல்லாத நபர்: ஓங்கில் காட்சியகங்களுக்கு எதிரான இயக்கமும் 2013ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும்

முன்னுரை

2013ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், இந்திய அரசின் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஓங்கில்களைக் கொண்டு காட்சியகம் அமைக்க முன்வரும் எவருடைய திட்டத்தையும் ஏற்க வேண்டா என்பதே அதன் சாரம். சில வாரங்களுக்குள் அச்செய்தி வேறொரு வடிவம் பெற்று உலகெங்கும் பரவிற்று. ‘ஓங்கில்களை மனிதரல்லாத நபர்கள் என இந்தியா அறிவித்துவிட்டது’ என்பது அவ்வடிவம். விலங்குரிமை குறித்த கட்டுரைகளிலும் மேடைப்பேச்சுகளிலும் இக்கூற்று இன்றும் ஐயமின்றி எடுத்தாளப்படுகிறது. சுற்றறிக்கையின் வாசகத்தை நேரில் படிப்பார்க்கு, அத்தகைய அறிவிப்பு எதுவும் அதில் இல்லை என்பது புலனாகும்.

வாசகத்துக்கும் அதைப் பற்றிய வழக்குக்கும் இடையே இத்தகைய விலகல் எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. அதற்கு விடை தேடச் சுற்றறிக்கைக்கு முந்தைய அரை நூற்றாண்டு வரலாற்றைக் காண வேண்டியுள்ளது. அடைப்பில் வைக்கப்பட்ட ஓங்கில்களுக்காக நடந்த போராட்டங்கள் இரு மொழிகளில் பேசி வந்துள்ளன. தொட்டி எவ்வளவு பெரிது, நீர் எவ்வளவு தூய்மை, எத்தனை விலங்குகள் இறந்தன என்று கேட்பது ஒன்று. இதனை அளவின் மொழி எனலாம். தொட்டி எவ்வளவு பெரிதாயினும் அவற்றை அடைத்து வைப்பது தகுமா என்று கேட்பது மற்றொன்று. இது உரிமையின் மொழி. புகழ் பெற்றது இரண்டாவது. தொட்டிகளை மூடியது பெரும்பாலும் முதலாவதே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சொல் குறித்து ஒரு விளக்கம். ‘டால்பின்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழ் இதழ்களில் நிலைபெற்றுவிட்டது. எனினும் ஓங்கில் என்னும் தமிழ்ப் பெயர் இருக்க, ஈண்டு அதுவே ஆளப்படுகிறது. கடற்பன்றி என்ற வழக்கும் உண்டு. காட்சியக விளம்பரங்களுக்கு உவப்பான பெயரன்று அது.

காட்சிப்பொருளாதல்

கடற்பாலூட்டிகளைத் தொட்டியில் வைத்துக் கட்டணம் வாங்கிக் காட்டும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றியது. நியூயார்க்கில் காட்சிக்கூடம் நடத்திய பி. டி. பார்னம், 1861இல் வெண்திமிங்கிலங்களைப் பிடித்து வரச் செய்தார். அவை நெடுநாள் வாழவில்லை. மீண்டும் பிடித்து வரப்பட்டன. 1865இல் அக்கூடம் தீப்பற்றியபோது அங்கிருந்த திமிங்கிலங்களும் மாண்டன. இறந்தவற்றின் இடத்தைக் கடலிலிருந்து நிரப்பிக்கொள்ளும் முறை, இத்தொழிலின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

1938இல் புளோரிடாவில் ‘மரைன் ஸ்டுடியோஸ்’ திறக்கப்பட்டது. நீருக்கடியில் திரைப்படம் எடுப்பதற்கென அமைந்த அவ்விடம், ஓங்கில் வித்தைகளின் களமாக விரைவில் மாறிற்று. 1963இல் வெளிவந்த ‘ஃபிளிப்பர்’ திரைப்படமும், அடுத்த ஆண்டு தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும் ஓங்கிலை வீட்டுக் குழந்தைகளின் தோழனாக்கின. அதே காலத்தில் நரம்பியலாளர் ஜான் லில்லி, ஓங்கில்களோடு மனிதர் உரையாட இயலும் என்னும் துணிவோடு ஆய்வு நடத்தினார். அவருடைய முடிவுகள் பலவற்றை அறிவியலுலகம் பின்னர் ஏற்கவில்லை. ஆயினும் ஓங்கில் அறிவுடையது என்ற எண்ணத்தைப் பொதுமக்கள் மனத்தில் ஊன்றியவர்களுள் அவர் முதன்மையானவர்.

தொலைக்காட்சித் தொடருக்காக ஓங்கில்களைப் பழக்கியவர் ரிக் ஓபாரி. அத்தொடரில் நடித்த கேத்தி என்னும் ஓங்கில் 1970இல் தம் கண்முன் இறந்ததைக் கண்டபின், அவ்வாண்டின் புவிநாளில் அவர் ஓங்கில் விடுதலைக்கான அமைப்பைத் தொடங்கினார். கேத்தி தானே மூச்சை நிறுத்திக்கொண்டது என்று அவர் கூறி வந்தார். ஓங்கில்களின் மூச்சு தன்னியல்பாக அன்றி விருப்பால் இயங்குவது என்பது உண்மையே. எனினும் விலங்கின் கருத்தை இவ்வாறு பெயர்த்துரைப்பதில் வரலாற்றாய்வாளர் எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். நமக்கு இங்கு முதன்மையானது வேறு. தொழிலுக்குள் இருந்த ஒருவரே அதன் எதிராளியானார் என்பதும், இயக்கத்தின் முதற்சான்று ஒரு தனி விலங்கின் சாவாக அமைந்தது என்பதும் பின்னைய போராட்டங்களுக்கு ஒரு வடிவத்தை அளித்தன. பெயருள்ள விலங்கு, கண்ட சாட்சி, இறப்பு என்னும் இம்மூன்றும் இல்லாத பரப்புரை அரிது.

அளவுகோலால் மூடப்பட்ட தொட்டிகள்

பிரிட்டனில் 1970களின் தொடக்கத்தில், நிலையானவையும் ஊர்தோறும் சென்று காட்டுபவையுமாக முப்பதுக்கும் மேற்பட்ட ஓங்கில் காட்சிகள் நடந்தன. அவற்றுட் சில, கோடைக்கால நீச்சல் குளங்களைச் சற்றே மாற்றி அமைத்தவை. இருபது ஆண்டுகளுக்குள் அவை அனைத்தும் மறைந்தன. 1993இல் யார்க்‌ஷையரிலுள்ள பிளமிங்கோ லேண்ட் பூங்கா தன் ஓங்கில்களைச் சுவீடனுக்கு அனுப்பியதோடு அந்நாட்டில் ஓங்கில் காட்சி முடிவுற்றது. இதற்கெனத் தடைச் சட்டம் எதுவும் அங்கு இயற்றப்படவில்லை. இன்றளவும் இல்லை. சட்டமின்றி இது நிகழ்ந்த வகை ஆராயத்தக்கது.

1981ஆம் ஆண்டின் உயிரியல் பூங்கா உரிமச் சட்டம், விலங்குக் காட்சிகளை உரிம ஆட்சிக்குள் கொண்டு வந்தது. உரிமம் என்றால் தரம் ஒன்று வேண்டும். ஓங்கில் தொட்டிக்கு எது தரம் என்ற வினா எழுந்தது. அரசின் சுற்றுச்சூழல் துறைக்காக மார்கரெட் கிளினோவ்ஸ்கா, சூசன் பிரவுன் என்னும் இருவர் 1986இல் ஓர் ஆய்வறிக்கை அளித்தனர். ஓங்கில் காட்சிகளை ஒழிக்க வேண்டும் என்று அவ்வறிக்கை கூறவில்லை. விலங்கின் உடல் அளவுக்கும் கூட்டு வாழ்க்கைக்கும் ஏற்பத் தொட்டிகள் பெரிதாதல் வேண்டும், அதுவும் குறித்த காலத்துக்குள் வேண்டும் என்றே கூறியது. அதன் வழி வகுக்கப்பட்ட தரங்கள், 1993க்குள் நிறைவேற்றப்பட வேண்டியவையாக இருந்தன. அப்போது இயங்கிக்கொண்டிருந்த தொட்டிகளுள் எதுவும் அத்தரத்தை எட்டவில்லை. புதிய தொட்டி கட்டப் பெருமுதல் தேவைப்பட்டது.

முதல் போடுவோர் ஏன் முன்வரவில்லை என்பதில்தான் மக்கள் இயக்கத்தின் பங்கு தெரிகிறது. நடிகை விர்ஜினியா மெக்கென்னாவும் அவர் குடும்பத்தாரும் 1984இல் தொடங்கிய ‘சூ செக்’ அமைப்பும், பிற விலங்கு நல அமைப்புகளும், உள்ளூர்க் குழுக்களும் காட்சியக வாயில்களில் நின்று, நுழைவுச்சீட்டு வாங்க வேண்டா என வருவோரிடம் கேட்டுக்கொண்டன. மோர்கேம் என்னும் கடற்கரை ஊரில் ராக்கி என்னும் ஒற்றை ஓங்கில் இருந்தது. பிரைட்டனில் மிஸ்ஸி, சில்வர் என இரண்டு. வருவாய் சுருங்கியது, தரத்துக்கேற்ற தொட்டியோ பெருஞ்செலவு. இவ்விரண்டுக்கும் இடையே சிக்கிய உரிமையாளர்கள் விலகினர். இயக்கத்தார் உரிமையின் மொழியில் பேசினர். அரசு அளவின் மொழியில் எழுதியது. தொட்டியை மூடியது கணக்கேடு.

இம்மூன்று ஓங்கில்களும் 1991இல் மேற்கிந்தியத் தீவுகளை அடுத்த டர்க்ஸ் கைக்கோசுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கடல்நீர் அடைப்பில் உயிர்மீன் உண்ணப் பழக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் திறந்த கடலில் விடப்பட்டன. இயக்கத்தின் பெருவெற்றியாக இது கொண்டாடப்பட்டது. ஆனால் விடப்பட்ட பின் அவை நெடுங்காலம் முறையாகக் கண்காணிக்கப்படவில்லை என்ற குறையை அறிவியலாளர் எழுப்பினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இறந்த மீனைக் கையால் ஊட்டப்பெற்ற விலங்கு கடலில் பிழைத்ததா என்னும் வினாவுக்கு அங்கங்கே கண்டோர் கூற்றுகளே விடையாயின. விடுதலையின் படங்களில் இருந்த தெளிவு அதன் பதிவுகளில் இல்லை. இக்குறையைச் சுட்டுவது இயக்கத்தைச் சிறுமைப்படுத்துவதாகாது. எஞ்சிய பல காட்சியகங்களின் ஓங்கில்கள் கடலுக்குச் செல்லவில்லை. ஐரோப்பாவின் வேறு தொட்டிகளுக்கே சென்றன என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். ஒரு நாட்டின் தரம் உயர்ந்தபோது விலங்குகள் எல்லை கடந்தன, அடைப்பு கடக்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில்

பிரிட்டனில் இத்தொழில் முடிந்த சில ஆண்டுகளில் இந்தியாவில் அது தொடங்க முற்பட்டது. 1990களின் இறுதியில், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ‘டால்பின் சிட்டி’ என்னும் பொழுதுபோக்கு இடம் அமைந்தது. அதற்கென ஓங்கில்கள் பல்கேரியாவிலிருந்து கொண்டு வரப்பட்டன. சில மாதங்களுக்குள் அவை இறந்தன. வங்கக் கடலில் ஓங்கில்கள் இயல்பாகத் திரியும் கரையோரத்தில், கருங்கடற் பக்கத்து நாடொன்றிலிருந்து வானூர்தியில் வந்தவை கரைமேல் கட்டிய தொட்டியில் மாண்டன.

இவ்விறப்புகளைத் தனியொரு நிறுவனத்தின் திறக்குறைவாக மட்டும் கொள்வது போதாது. அமெரிக்காவில் ஸ்மால், டிமாஸ்டர் என்னும் ஆய்வாளர் இருவர், அடைப்பிலிருந்த கடற்பாலூட்டிகளின் பதிவுகளைக் கொண்டு 1995இல் வெளியிட்ட ஆய்வு, புதிய இடத்துக்கு வந்த முதல் அறுபது நாட்களிலேயே ஓங்கில்களுக்குச் சாவிடர் மிகுதி எனக் காட்டியிருந்தது. பிடிப்பு, பயணம், புதிய நீர், புதிய கூட்டம் ஆகியவை ஒருங்கே தாக்கும் காலம் அது. சென்னை நிகழ்வு இப்பொது விதியின் கொடிய எடுத்துக்காட்டு. அவ்விலங்குகளுக்கு ராக்கி, மிஸ்ஸி போல வெளியுலகில் பெயர் வழங்கவில்லை. ஆயினும் பதினைந்து ஆண்டுகள் கழிந்து இந்திய இயக்கத்தார் எடுத்துக்காட்டிய முதற்சான்று அவைதாம்.

இந்தியச் சட்டப் பின்புலத்திலும் சென்னைக்கு ஓர் இடமுண்டு. விலங்கு வதைத் தடுப்புக்கெனத் தனியார் மசோதா ஒன்றை மாநிலங்களவையில் கொணர்ந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1960ஆம் ஆண்டுச் சட்டம் அரசாலேயே இயற்றப்பட்டது. அதன்கீழ் 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் பல்லாண்டு சென்னையிலேயே இயங்கிற்று. வித்தை காட்டும் விலங்குகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஐந்தாம் இயலிலுள்ள விதி. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் வித்தைக்குப் பயன்படுத்தலாகாது என மத்திய அரசு 1998இல் அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்காடினர். கேரள உயர் நீதிமன்றம் 2000இலும் உச்ச நீதிமன்றம் 2001இலும் அறிவிக்கையை நிலைநிறுத்தின. அப்பட்டியலில் ஓங்கில் இல்லை. இந்தியச் சர்க்கஸ் கூடாரங்களில் அது இடம்பெறாத விலங்கு. எனவே எவரும் அதை நினைக்கவில்லை.

சுற்றறிக்கையும் அதன் வாசகமும்

2001இல் டயானா ரீஸ், லோரி மரினோ ஆகியோர், கண்ணாடியில் தெரியும் உருவம் தன்னுடையதே என ஓங்கில் அறிகிறது என்பதற்கான சான்றுகளை வெளியிட்டனர். அச்சோதனை நியூயார்க் மீன்காட்சியகத்தில் அடைப்பிலிருந்த இரு ஓங்கில்களைக் கொண்டு நடந்தது. அடைப்புக்கு எதிரான வாதத்தின் வலிமையான சான்று அடைப்பிலிருந்தே கிடைத்தது என்னும் முரண் இதிலுண்டு. காட்சியகத்தார் இதனைத் தம் ஆய்வுப் பயன்பாட்டுக்கு ஆதாரமாகக் காட்டினர்; மரினோவோ பின்னர் அடைப்புமுறையின் கடுந்திறனாய்வாளர் ஆனார். மெய்யியலாளர் தாமஸ் வைட் 2007இல் வெளியிட்ட நூலில், தன்னுணர்வு, உணர்ச்சி, தன் செயலைத் தானே ஆளும் திறன் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு ஓங்கிலை ‘மனிதரல்லாத நபர்’ எனலாம் என வாதிட்டார். 2010 மே மாதம் எல்சின்கியில் கூடிய அறிஞர் குழு, திமிங்கில இனங்களுக்கான உரிமைச் சாற்றுரை ஒன்றை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானின் தைஜி ஓங்கில் வேட்டையைக் காட்டும் ‘த கோவ்’ ஆவணப்படம் வந்திருந்தது. 2010இலேயே கங்கை ஓங்கில் இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. தேசிய விலங்கின் உறவினத்தை வித்தைக்கு நிறுத்தலாமா என்னும் வாதம் இயக்கத்தாருக்கு எளிதில் வாய்த்தது.

கொச்சி, மகாராட்டிரம், தில்லி வட்டாரம் ஆகிய இடங்களில் ஓங்கில் காட்சியகம் அமைக்கும் திட்டங்கள் பேசப்பட்ட சூழலில், இந்திய விலங்கு பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டமைப்பு நாடளாவிய பரப்புரையை மேற்கொண்டது. கொச்சியில் மக்கள் தெருவில் நின்று எதிர்த்தனர். விலங்கு நல வாரியமும் எதிர்நிலை எடுத்தது. இதன் விளைவே மே மாதச் சுற்றறிக்கை.

அச்சுற்றறிக்கை, இந்திய அரசாணை மரபுக்கேற்ப, ‘என்பதால்’ எனத் தொடுக்கப்பட்ட முகவுரைக் கூறுகளையும் இறுதியில் செயற்கூற்றையும் உடையது. திமிங்கில இனங்கள் அடைப்பில் நன்கு வாழ்வதில்லை, அடைப்பு அவற்றின் நடத்தையை மாற்றிப் பெருந்துயர் விளைக்கிறது என்பது ஒரு கூறு. ஓங்கில்களின் மிகையான அறிவுத்திறன் கருதி, அவை மனிதரல்லாத நபர்களாகக் கருதப்பட வேண்டும் என்றும், அவற்றுக்குத் தனி உரிமைகள் வேண்டும் என்றும் நடத்தை ஆய்வாளர் பலர் கருத்துரைத்துள்ளனர், பொழுதுபோக்குக்காக அடைத்தல் அறநெறிக்கு ஒவ்வாது என்பது மற்றொரு கூறு. செயற்கூறோ, வணிகக் கேளிக்கை, தனியார் அல்லது பொதுக் காட்சி, விலங்கோடு பழகல் ஆகிய நோக்கங்களுக்காகத் திமிங்கில இனங்களை இறக்குமதி செய்தோ பிடித்தோ காட்சியகம் அமைக்கும் எந்த முன்மொழிவையும், அது அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், நிராகரிக்குமாறு மாநிலங்களை அறிவுறுத்துகிறது.

இங்கு நுணுகி நோக்க வேண்டியது வினையின் எழுவாய். நபர் என்று கூறுவோர் ஆய்வாளர், ஆணையம் அன்று. ஆணையம் அக்கருத்தை மேற்கோளாக எடுத்து, தன் முடிவுக்குக் காரணங்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. நபர் என்னும் சட்டத் தகுதியை அளிக்கும் அதிகாரமும் அவ்வாணையத்துக்கு இல்லை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழித் தோன்றிய அது, உயிரியல் பூங்காக்களுக்கு ஏற்பளிப்பதும் மறுப்பதுமே பணியாகக் கொண்டது. உரிமையின் மொழி முகவுரையில் ஒலிக்க, செயற்கூறு ஓர் உரிம அதிகாரியின் மொழியில் முடிகிறது. செய்தியாளர் முகவுரையைப் படித்துச் செயற்கூறாக்கினர். மேலைநாட்டு இயக்கத்தார், தம் நாட்டில் எட்டாததை வேற்று நாட்டில் எட்டியதாகக் காண விழைந்தனர். நம்மவருக்கோ அது பெருமை தருவதாக இருந்தது. திருத்த எவரும் விரையவில்லை.

தடை எளிதில் வந்ததற்குக் காரணம் ஒன்றைச் சேர்த்துக் கூறலாம். 2013இல் இந்தியாவில் இயங்கும் ஓங்கில் காட்சியகம் ஒன்றுகூட இல்லை. இழப்பதற்கு முதல் போட்டவர் இல்லை. வேலை இழப்போர் இல்லை. எங்கே அனுப்புவது என்று கேட்க ஓங்கிலும் இல்லை. பிரிட்டனில் ஏழாண்டு எடுத்த பணி இங்குச் சில மாதங்களில் முடிந்தது இதனால்தான்.

நபர் என்னும் சொல்லின் பிற்கால வரலாறு

சுற்றறிக்கைக்கு அடுத்த ஆண்டு, மே 7ஆம் நாள், நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் உள்ள உயிர் என்பதன் பொருளை விலங்குயிர் வரை விரித்த தீர்ப்பு அது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் விலங்குலகம் முழுவதையும் சட்ட நபர்களாக அறிவித்தது; ஓங்கில்களைக் குறித்துச் சொல்லப்படாத சொல், ஒரு குதிரை வண்டி வழக்கில் உண்மையாகவே சொல்லப்பட்டது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுப் போராட்டமும் அதையொட்டிய சட்டத் திருத்தமும் நாம் அறிந்தவை. அத்திருத்தத்தை 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு ஏற்றபோது, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டெனக் கொண்ட முன்தீர்ப்பு தன் பார்வைக்கு வரவில்லை என்று கூறியது. ஓங்கில் சுற்றறிக்கை வெளிவந்து பத்தாண்டும் ஒரு நாளும் கழிந்திருந்தது. சல்லிக்கட்டையும் ஓங்கில் காட்சியையும் ஒரே தட்டில் வைக்க இக்கட்டுரையாளர் கருதவில்லை. ஊரார் தம் காளையோடு கொண்ட உறவு வேறு, நுழைவுச்சீட்டு வேறு. உரிமையின் மொழி நீதிமன்றத்தில் எவ்வளவு நிலையற்றது என்பதற்கே இவ்வரிசை காட்டப்பட்டது. அம்மொழி ஏறியும் இறங்கியும் வந்த அப்பத்தாண்டில், உரிம மறுப்பு மட்டும் அசையாமல் இருந்தது. ஆனால் சுற்றறிக்கை சட்டமன்று. வெளியிட்ட ஆணையமே மற்றொரு சுற்றறிக்கையால் அதை மாற்றவும் கூடும்.

சட்டமே இயற்றிய நாடு கனடா. 2019இல் நிறைவேறிய அச்சட்டம் திமிங்கில, ஓங்கில் இனங்களைப் புதிதாக அடைப்பில் வைப்பதையும் இனம்பெருக்குவதையும் குற்றமாக்கியது. முன்பே அடைப்பிலிருந்தவற்றுக்கு விலக்களித்தது. ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள பூங்காவொன்று பொதுமக்களுக்குத் தன் கதவை மூடிய பின்னரும் அங்கு முப்பது வெண்திமிங்கிலங்கள் எஞ்சின. அவற்றைச் சீனாவிலுள்ள மற்றொரு காட்சியகத்துக்கு அனுப்ப உரிமையாளர் அனுமதி கேட்டனர். மீண்டும் வித்தைக்கே அவை செல்லும் என்னும் காரணத்தால், 2025 அக்டோபரில் கனடிய அரசு அவ்விண்ணப்பத்தை மறுத்தது. பராமரிப்புக்குப் பணமில்லை என்றனர் உரிமையாளர். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓங்கில்கள் இத்தகைய வினா எதையும் எவர்க்கும் விட்டுச் செல்லவில்லை. தடை வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவை இறந்திருந்தன.